பழுதுபார்ப்போரின் மனச்சுமை: கிளாபம் ரயில் விபத்து தந்த பாடம்

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் பராமரிப்புத் தொழிலாளருக்கு வேலை அதிகம். இரவுப்பணி, வார இறுதிப்பணி, விடிவதற்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடி, ஆள் பற்றாக்குறை போன்றவை அவர்களின் மனதைப் பாதிக்கின்றன. இவற்றையே உளசமூக இடர்கள் என்கிறார்கள்.

இதைப் பற்றிய ஆய்வு புதியதல்ல. வேலைப்பளு மிகுந்து, வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தால் மன அழுத்தம் கூடும் என்று 1979இல் ராபர்ட் கராசெக் விளக்கினார். ஆனால் அந்த அழுத்தம் பிறர் உயிரையும் பறிக்கும் என்பதை உலகுக்கு உணர்த்தியது ஒரு விபத்து.

1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை. லண்டனில் கிளாபம் சந்திப்பு அருகே, நின்றிருந்த ரயிலின் பின்புறம் இன்னொரு ரயில் மோதியது. எதிரே வந்த காலி ரயிலும் இடிபாடுகளில் மோதியது. 35 பேர் இறந்தனர். சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை என்பதே காரணம்.

சிக்னல் அமைப்பை மாற்றும் பணியில், பழைய கம்பி ஒன்று முழுமையாக அகற்றப்படாமல் விடப்பட்டிருந்தது. முந்தைய நாள் நடந்த வேறு வேலையில் அது நகர்ந்து, மீண்டும் இணைப்பைத் தொட்டுவிட்டது. அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பப் பணியாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அத்தோடு விசாரணை முடிந்திருக்கலாம். ஆனால் ஆண்டனி ஹிட்டன் தலைமையிலான விசாரணை மேலும் தோண்டியது. அதற்கு முந்தைய 13 வாரங்களில் அவர் எடுத்த விடுமுறை ஒரே ஒரு நாள்! அவரது வேலைமுறையை யாரும் திருத்தவில்லை. கம்பிகளை இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்கவும் இல்லை.

1989இல் வெளியான அறிக்கை 93 பரிந்துரைகளை முன்வைத்தது. பின்னர் பாதுகாப்புப் பணியாளருக்கு ஒரு முறைக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி என்ற வரம்புகள் வந்தன. 2004இல் பிரிட்டன், வேலைப்பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பு, மாற்றம் என்ற ஆறு தலைப்புகளில் மன அழுத்தத்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டது. அதற்கான வினாத்தாளில் 35 கேள்விகள் உள்ளன. 2021இல் ஐஎஸ்ஓ 45003 என்ற பன்னாட்டு வழிகாட்டி வந்தது.

வினாத்தாள் மட்டும் போதுமா? கூடுதல் நேரச் சம்பளத்தை நம்பியிருப்பவர் "களைப்பாக இருக்கிறது" என்று எழுதத் தயங்கலாம். ஆகவே வருகைப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். கிளாபத்தில் உண்மையைச் சொன்னதும் அந்த ஒற்றை விடுமுறை நாள்தான்.