துறையும் பாலமும்

புண்ணியத் தலங்களை நாடிச் செல்வதைத் தீர்த்த யாத்திரை என்கிறோம். தீர்த்தம் என்னும் வடசொல்லுக்கு நீராடும் இடம் என்பதோடு, ஆற்றைக் கடக்கும் துறை என்ற பொருளும் உண்டு. ஆதலால் ஒரு தலத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது. அங்கே செல்லும் வழியை அமைத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

அம்பர்நாத்தில் வாழும் தமிழர் நன்கறிந்த சிவாலயத்தின் கல்வெட்டு 1060ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1075இல், ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கோடியில் சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலா என்ற ஊரில் ஒரு பேராலயத்தின் திருப்பணி தொடங்கியது. ஏசுநாதரின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை அங்குள்ளது என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட அக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியை ரோமனெஸ்க் என்பர். வழிபாட்டுக்கு இடையூறின்றி யாத்திரிகர் பீடத்தின் பின்புறமாகச் சுற்றிவர, நம் கோயில்களின் திருச்சுற்றைப் போன்றதொரு நடைவழியும் அங்கே உண்டு. 1211இல் அப்பேராலயம் அபிஷேகம் பெற்றது.

அதை நோக்கி மக்கள் மாதக்கணக்கில் நடந்தனர். வழியில் நவார் நாட்டில் ஆர்கா என்ற ஆறு குறுக்கிட்டது. அதன்மீது அதே பதினோராம் நூற்றாண்டில் கல்பாலம் ஒன்று எழுந்தது. யாத்திரிகர் பொருட்டு ஓர் அரசி கட்டுவித்தது என்பது மரபு. அங்குள்ள ஊருக்கே 'அரசியின் பாலம்' என்ற பொருள்படும் பெயர் இன்றும் வழங்குகிறது.

இத்தகைய வரலாறு ஒன்று பம்பாய்த் தமிழரின் வாயிற்புறத்திலேயே இருக்கிறது. பாந்த்ராக் குன்றின் மீது போர்த்துகீசியர் காலத்தில் மலை மாதாவின் ஆலயம் தோன்றியது. கோளி மீனவர் அந்த அன்னையை 'மோத் மாவுலி' என்று அழைப்பர். 1739இல் மராட்டியர் அப்பகுதியைக் கைப்பற்றினர். அன்று மாஹிம் கழிமுகத்தின் தென்கரை ஆங்கிலேயர் வசமிருந்தது. போரின்போது மாதாவின் திருவுருவம் கழியைக் கடந்து மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தது என்றும், 1761இல் மீண்டும் பாந்த்ராவுக்கு எழுந்தருளியது என்றும் மாஹிம் ஆலய வரலாறு கூறுகிறது. பாந்த்ரா அப்போதும் மராட்டியர் ஆட்சியிலேயே இருந்தது.

எல்லையைத் தெய்வத் திருவுருவம் கடந்துவிட்டது. ஏழை மக்களோ படகையே நம்பியிருந்தனர். மழைக்காலத்தில் அந்தப் பயணம் உயிருக்கே ஆபத்தாயிற்று. பாலம் அமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி பணம் தர மறுத்தபோது, பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் அவாபாய் அம்மையார் ரூபாய் 1,57,000 வழங்கினார். கடப்பவரிடம் சுங்கம் வசூலிக்கலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. 1845இல் மாஹிம் பாலப்பாதை திறக்கப்பட்டது. மாஹிமில் லேடி ஜம்ஷெட்ஜி சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குன்றின்மேல் இன்று காணும் ஆலயம் 1904இல் எழுந்தது. ரோமனெஸ்க் பாணிக்குப் பின் ஐரோப்பாவில் வளர்ந்த கோதிக் பாணியைத் தழுவியது. 1954இல் அது பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. செப்டம்பர் 8ஆம் நாளை அடுத்துவரும் ஞாயிறு முதல் ஒரு வார காலம் அங்கே திருவிழா. நோய் தீர வேண்டுவோர் மெழுகினால் செய்த கை, கால் உருவங்களையும், வீடு வேண்டுவோர் மெழுகு வீட்டையும் காணிக்கையாக்குவர். அதே செப்டம்பர் 8ஆம் நாள்தான் வேளாங்கண்ணியிலும் பெருவிழா. ஊர் செல்ல வசதியில்லாத தமிழருக்கு மலை மாதாவின் சந்நிதி ஆறுதலாகிறது. மதவேறுபாடின்றிப் பலரும் அங்கே படியேறுகின்றனர்.

ஸ்பெயினின் பேராலயம் கல்லினால் எழுந்தது. அதன் புகழோ வழிகளாலும் பாலங்களாலும் வளர்ந்தது. அவாபாய் அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். பாலத்தைக் கடப்பவர் இன்ன மதத்தினர், இன்ன மொழியினர் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் பிழைப்புக்காக நாள்தோறும் மாஹிம் வழியே பாந்த்ரா செல்லும் தமிழரும் அந்த அறத்தின்மீதே நடக்கின்றனர்.