தரம்

பர்கண்டி மதுவைப் பற்றி எழுதுகிறவர்கள் நாக்கிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அது சாத்தியமில்லை. நான் அதைக் குடித்ததில்லை. சூளகிரியில் இருந்துகொண்டு அந்தப் பிரெஞ்சு மலைச்சரிவைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த வழி கிராமக் கணக்கின் 'அ' பதிவேடு. (1937இல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். சூளகிரி அன்று அதில்தான் இருந்தது.)

டிஜோன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்திற்கு, கிழக்கு பார்த்த சுண்ணாம்புக்கல் சரிவு. கோட் தோர் என்று பெயர். சிவப்பு மதுவுக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. பெரும்பாலும் இந்த இரண்டு திராட்சைகள்தான். ஆகவே ஒரு மதுவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே திராட்சையின் மேல் போட முடியாது. மண்ணின் மேல்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் பெயர் உண்டு. ரோமானே-கோந்தி நாலரை ஏக்கர்கூட வராது, உலகத்துக்கே தெரியும். போர்தோவில் 1855இல் செய்த தரவரிசை பண்ணை வீடுகளுக்கானது. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் வீட்டின் அந்தஸ்து அப்படியே இருக்கும். பர்கண்டியில் அந்தஸ்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது, உழுகிறவன் யாரானாலும்.

இது நமக்குப் புதிதல்ல. போன் நகரத்து விவசாயக் கமிட்டி 1861இல் அந்தச் சரிவை மூன்று வகுப்புகளாகப் பிரித்து வரைபடம் போட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில் சென்னை ராஜதானியில் சர்வே, செட்டில்மெண்ட் வேலை தொடங்கிவிட்டது. கரிசலா, செம்மண்ணா, களியா, மணலா என்று பார்த்து வயலுக்கு வயல் தரம் போட்டார்கள். அங்கே தரம் விலைக்காக. இங்கே தீர்வைக்காக. 1799இல் திப்பு வீழ்ந்ததும் கம்பெனியின் கைக்கு வந்த ஓசூர்ச் சீமையில், நல்ல மண் என்று எழுதப்படுவது குடியானவனுக்குக் கெட்ட செய்தி.

தரம் முழுக்க இயற்கையின் தீர்ப்பு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. க்ளோ த வூஜோ என்ற தோட்டத்தைப் பார்க்கலாம். சிஸ்டர்சியன் துறவிகள் வளர்த்தது. சுமார் 125 ஏக்கர், சுற்றிலும் கல்சுவர். புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்டது. 1889இல் துண்டாடப்பட்டு, இன்று ஏறத்தாழ 80 பேருக்குச் சொந்தம். மேட்டுப் பகுதியில் வடிகால் நன்றாக இருக்கிறது; கீழே சாலையோரம் தண்ணீர் தேங்கும் கனத்த மண். ஆனாலும் சுவருக்குள் இருப்பது அனைத்தும் உச்ச வகுப்புதான். இதில் மண் பாதி, சுவர் பாதி. நம் பட்டாவிலும் அப்படித்தான். ஏரி தூர்ந்து எத்தனையோ காலம் ஆகியும் நஞ்சை நஞ்சையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லைக்கு அப்பால் பெங்களூர் நீலத் திராட்சை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதுவும் ஒரு வட்டாரத்தின் பெயர்தான். ஒரு காட்டின் பெயர் அல்ல.

எங்கள் காடுகளுக்குப் பெயர் இருந்தது. மேட்டில் இருந்ததை அப்பா தெலுங்கில் 'ராள்ள சேனு' என்பார், கல்லுக்காடு. பதிவேட்டில் புல எண், மண் வயனம், தரம், தீர்வை எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. பெயருக்கு இல்லை. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கிற பேச்சு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் காகிதத்தில் வருவது எண்கள்தான். அப்பா இன்னொன்றும் சொல்வார்: கல்லுக்காட்டு ராகியில் கிண்டிய களிக்கும் பள்ளத்துக்காட்டு ராகிக் களிக்கும் ருசி வேறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாராம். சொந்த நிலத்தின் மேலுள்ள கர்வம் என்று அப்போது சிரித்தேன். பர்கண்டியைப் படித்த பிறகு சோதித்துப் பார்க்கத் தோன்றியது. ஆனால் கல்லுக்காட்டில் ராகி போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே கொத்தமல்லி.