கிதாபிலிருந்த கபாலாவும் கடவுச்சீட்டிலிருந்த கபாலாவும்

மட்டக்களப்பு வாவிக்கரை முஸ்லிம் ஊர்களின் பேச்சில் அறபுச் சொற்கள் இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கின்றன. முதலில் வந்தவை கிதாபுகளின் வழியாக, மத்ரஸாவின் வழியாக, அறபுத்தமிழ் வழியாக வந்தவை. இரண்டாவது தொகுதி 1970களின் நடுப்பகுதிக்குப் பின் விமானத்தில் வந்தது. காத்தான்குடி, பாலமுனை, பூநொச்சிமுனை, ஏறாவூர், வடக்கே ஓட்டமாவடி என்று எந்த ஊரில் கேட்டாலும், அறபு மொழி படியாத ஒருவர்கூட இகாமா, கபீல், நகல், தனாஸுல், ஹுரூப், குரூஜ் என்று சரளமாகச் சொல்வார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சில சொற்கள் இரண்டு தடவையும் வந்திருக்கின்றன, ஆனால் ஒரே பொருளில் வரவில்லை. பள்ளிவாசலில் இகாமத் சொன்னால் தொழுகைக்கு எழுந்து நிற்கிறோம். சவூதியில் இகாமா என்றால் சட்டைப்பையிலிருக்கும் வதிவிட அட்டை. தமிழில் நகல் என்றால் பிரதி. வளைகுடாவில் நகல் என்றால் ஒரு கபீலிடமிருந்து இன்னொரு கபீலுக்கு மாறுவது. இவற்றுள் மிகவும் திரிந்துபோன சொல் கபாலா. அந்தத் திரிபின் வரலாறு எங்கட ஊர்களின் அரை நூற்றாண்டு வரலாறும்தான்.

கிதாபில் இருந்த பொருள்

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கடனுக்குப் பொறுப்பேற்பதை ளமான் என்றும், ஓர் ஆளை உரிய இடத்தில் முன்னிலைப்படுத்தப் பொறுப்பேற்பதைக் கபாலா என்றும் பிரித்துப் பேசும். இரண்டிலும் சுமை பொறுப்பேற்றவரின் தோளில்தான். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் வளர்க்கப் பொறுப்பேற்றதை ஆல இம்ரான் அத்தியாயம் இந்தச் சொல்லின் வேரிலிருந்தே சொல்கிறது. அநாதையைப் பராமரிப்பவரையும் ஹதீஸ் இதே வேர்ச்சொல்லால்தான் குறிக்கிறது. பிணை நிற்பது உபகாரமாகச் செய்யும் உடன்பாடு என்பதால், அதற்குக் கூலி வாங்குவதைப் பெரும்பாலான புகஹாக்கள் ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அந்நியருக்கு அடைக்கலம் கொடுக்கும் ஜிவார் என்ற வழக்கம் அறபு மண்ணில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்தது. தாயிபிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், முஸ்லிமாகாத முத்இம் இப்னு அதீயின் பாதுகாப்பில்தான் மக்காவுக்குள் நுழைந்தார்கள். முத்இம் தன் பிள்ளைகளோடு ஆயுதம் தாங்கி நின்றார். அங்கே கட்டுப்பட்டவர் அடைக்கலம் கொடுத்தவர். வந்தவரின் கையை யாரும் கட்டவில்லை.

முத்துக்குளிப்பும் அரசாங்கப் பதிவேடும்

அப்படியிருந்த சொல், தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறாக மாறியது எப்போது? பஹ்ரைனைச் சேர்ந்த ஆய்வாளர் உமர் அல்ஷிஹாபி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இன்றைய கபாலா முறையின் தொடக்கத்தைப் பாலைவன வழக்கத்தில் அல்ல, 1920களின் பஹ்ரைனில், பிரித்தானிய நிர்வாகத்தில் காண்கிறார். முத்துக்குளிப்புக்கு வெளியிலிருந்து வந்த சுழியோடிகளைக் குறைந்த செலவில் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஆளைக் கொண்டுவந்தவரையே அவருக்குப் பொறுப்பாளியாக்குவது ஆட்சியாளருக்கு லேசான வழியாகப் பட்டது. 1926 முதல் 1957 வரை சார்ள்ஸ் பெல்கிரேவ் அங்கே ஆலோசகராக இருந்த காலத்தில், 1932இல் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. முத்து மங்கி எண்ணெய் ஓங்கியபோது, சுழியோடிக்கு இருந்த ஏற்பாடு கூலிக்கும் எழுதுவினைஞனுக்கும் வந்தது.

முத்து எமக்கும் தூரமான விஷயமல்ல. மன்னார்ச் சலாபத்துக்குக் கீழக்கரைச் சுழியோடிகளோடு அறபுச் சுழியோடிகளும் வந்து போயிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் இங்கே கூலிக்கு மூழ்கினார்கள். பிறகு காற்று மறுபக்கம் திரும்பியது.

அந்த ஏற்பாடு போகவில்லை, சட்டமாக இறுகியது. சவூதியின் வதிவிட ஒழுங்குவிதி 1952இலும், குவைத்தின் வெளிநாட்டவர் வதிவிடச் சட்டம் 1959இலும், கட்டாரின் சட்டம் 1963இலும், பஹ்ரைனின் சட்டம் 1965இலும், ஐக்கிய அறபு இராச்சியத்தின் சட்டம் 1973இலும் வந்தன. விபரங்கள் வேறுபட்டாலும் உள்ளீடு ஒன்று: நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் வேலைக்கான அனுமதியும் ஒரே முதலாளியின் பெயரோடு முடிச்சுப் போடப்பட்டன. வேலையை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும்.

'தொழில்: வெளிநாடு'

எங்கட ஆட்கள் இந்த முடிச்சுக்குள் போய்ச் சேர்ந்தது எண்ணெய் விலை ஏறிய பின்புதான். இலங்கை 1980இல் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்களுக்கான 32ஆம் இலக்கச் சட்டத்தையும், 1985இல் வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கிய 21ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அந்தக் காலம்தான் கிழக்கில் யுத்தம் மூண்ட காலம். வயலுக்குப் போக முடியாதவர், கடையைப் பூட்டியவர், தறியை நிறுத்தியவர் என்று பலருக்கும் திறந்திருந்த வாசல் விமான நிலையம் ஒன்றே.

1990 ஓகஸ்ட் 2ஆந் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மறுநாள் 3ஆந் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 11ஆந் திகதி இரவு ஏறாவூர். குவைத்தில் அகப்பட்டிருந்த எம்மவருக்கு அங்கேயும் இருக்க முடியாது, வந்து சேரவும் ஊர் இருக்கிறதா என்று தெரியாது. வீட்டுவேலைக்குப் போன பெண்களில் பலரின் கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரிக்குள் இருந்தது. ஜோர்தான் எல்லைப் பாலைவன முகாம்கள் வழியாகத் திரும்பியவர்களின் கதைகள் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன.

பாடசாலை அனுமதிப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் 'வெளிநாடு' என்று எழுதிக் கொடுப்பதை ஆசிரியர்கள் நாம் வருடாவருடம் காண்கிறோம். அது தொழிலின் பெயரல்ல, இடத்தின் பெயர். ஆனால் அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. வாப்பாவின் விசாவில் இருக்கும் தொழில் ஒன்று, அவர் செய்யும் தொழில் வேறொன்று. பிள்ளை எதை எழுதும்?

இகாமாவில் எழுதிய தொழில்

விசாவில் எழுதப்படும் தொழிற்பெயர் வெறும் பெயரல்ல. கணக்கியல் படித்த ஒரு தம்பி, கைக்குக் கிடைத்தது அதுதான் என்று 'சாயிக் காஸ்' விசாவில், அதாவது வீட்டுச் சாரதியாகப் போகிறான். "இகாமாவில ட்ரைவர் எண்டு கிடக்கு, நான் பார்க்கிறது கணக்கு வேல" என்று சிரித்துக்கொண்டு சொல்வான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நாலு பூட்டு இருக்கிறது.

முதலாவது, சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம். அதன் 38ஆம் உறுப்புரை அனுமதிப்பத்திரத்தில் எழுதிய தொழிலுக்கு வேறான தொழிலில் ஆளை வைப்பதைத் தடுக்கிறது. 39ஆம் உறுப்புரை ஒரு முதலாளியின் ஆள் இன்னொருவரிடம் வேலை செய்வதைத் தடுக்கிறது. இரண்டாவது, குடும்பத்தைக் கூப்பிடும் உரிமை நீண்டகாலமாக இகாமாவின் தொழிற்பெயரைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது; சாரதிக்கும் கூலிக்கும் அது கிடைக்கவில்லை. மூன்றாவது, தொழிற்பெயரை மாற்றப் பட்டச் சான்றிதழ் உறுதிப்படுத்தப்பட வேண்டும். கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பிறகு தூதரகம் என்று அது ஏறி இறங்கும். பொறியியலாளர் என்றால் அங்குள்ள பொறியியலாளர் சபையிலும் பதிய வேண்டும். நாலாவது, வீட்டு விசா வேறு, கம்பனி விசா வேறு. தனியாளின் கபாலாவிலிருந்து கம்பனியின் கபாலாவுக்கு மாறுவது வழமையாகத் திறந்திருக்கும் கதவல்ல.

'ஃப்ரீ விசா' என்ற சொல்லும் இதில்தான் பிறந்தது. அப்படியொரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. பெயருக்கு ஒரு கபீல், வேலை வெளியில், மாதாமாதமோ வருடாவருடமோ கபீலுக்கு ஒரு தொகை. பிணை நிற்பதற்குக் கூலி கூடாது என்று கிதாபில் படித்த சமூகம், அந்தக் கூலியை 'இகாமாக் காசு' என்று பெயர் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கியவரும் முஸ்லிம், கொடுத்தவரும் முஸ்லிம். கபீலோடு முறுகினால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று ஒரு முறைப்பாடு. அதோடு தொழிலும் இல்லை, பயணமும் இல்லை.

டுபாயில் வேறொரு வகை. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடி, கிடைத்ததும் விசாவின் வகையை மாற்ற நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டியிருந்தது. 2000களில் இதற்காகவே ஈரானின் கீஷ் தீவுக்குப் பல நாட்டவர் பறந்தார்கள். புது விசா வரும்வரை அந்தத் தீவில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

திறந்த கதவுகள், திறக்காத கதவுகள்

சவூதி அமைச்சரவை 2000ஆம் ஆண்டில் 166ஆம் இலக்கத் தீர்மானத்தால் கபீல் என்ற சொல்லையே நீக்கி, தொழில்தருநர் என்று எழுதச் சொன்னது. கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதையும் தடுத்தது. சொல் போனது, பொருள் இருந்தது. 2013இல் ஏப்ரலில் தொடங்கி நவம்பர் 3 வரை நீடித்த பொதுமன்னிப்பில், பழைய கபீலின் சம்மதம் இல்லாமலே பலர் கம்பனி மாறவும் தொழிற்பெயர் மாற்றவும் முடிந்தது. எங்கட ஊர்களிலும் அந்த மாதங்களில் தொலைபேசியில் பேசிய பேச்செல்லாம் "நகல் கிடைச்சுதா மச்சான்?" என்பதுதான்.

நிரந்தரமான மாற்றங்களும் வந்தன. பஹ்ரைன் 2009இல் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் வழியைத் திறந்தது. ஐக்கிய அறபு இராச்சியம் 2016 ஜனவரியில் அந்த வழிக்கு வந்தது. கட்டார் 2020இல் ஆட்சேபனையில்லைக் கடிதத்தை நீக்கியது. ஓமான் 2021 ஜனவரியில் அதையே செய்தது. சவூதி 2021 மார்ச் 14 முதல், ஒரு வருடம் வேலை செய்தவர் முதலாளியின் அனுமதியின்றி மாற இடம் கொடுத்தது. ஒரு கணக்காளருக்கோ பொறியியலாளருக்கோ இது பெரிய விடுதலை. இன்று அவர் கைபேசியிலேயே மாறுதலை முடிக்கிறார்.

ஆனால் சட்டங்களின் கடைசி வரியையும் வாசிக்க வேண்டும். சவூதியின் 2021 மாற்றத்தில் வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், இடையர் ஆகியோர் சேர்க்கப்படவில்லை. பஹ்ரைனின் 2009 மாற்றமும் அமீரகத்தின் 2016 மாற்றமும் வீட்டுப் பணியாளரை வெளியில்தான் விட்டன. கட்டார் மட்டும் 2020இல் அவர்களையும் சேர்த்தது. குவைத்தில் வீட்டு வேலைக்கு 20ஆம் பிரிவு, தனியார் துறைக்கு 18ஆம் பிரிவு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற 2024 ஜூலை 14 முதல் செப்டெம்பர் 12 வரை அங்கே இரண்டு மாதக் கதவு திறந்தது. கட்டணம் 50 தினார். அதற்கும் பழைய முதலாளியின் சம்மதம் தேவைப்பட்டது.

ஆக, பட்டம் உள்ளவருக்குக் கதவு உரிமையாகத் திறந்தது. வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு அது கருணையாக, காலம் குறித்துத் திறக்கிறது. வாவிக்கரையிலிருந்து போனவர்களில் பட்டதாரிகள் எத்தனை பேர், வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தெருவும் தானே எண்ணிக்கொள்ளலாம். எங்கட கல்வீடுகளுக்கு முதல் கல் வைத்த காசில் பெரும்பங்கு அந்த உம்மாமாரின் காசு. கதவு திறக்காமல் இருப்பதும் அவர்களுக்குத்தான்.

எமக்குரிய பங்கு

வளைகுடாவின் சட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் மூன்று காரியம் எம் கையில் இருக்கிறது.

ஒன்று, போகும் பிள்ளையின் விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது, அது வீட்டு விசாவா கம்பனி விசாவா என்று வாசித்த பின்னரே காசு கட்டுவது. "போனாப் பிறகு மாத்திக்கலாம்" என்பது சப் ஏஜென்டின் வாக்கு, சட்டத்தின் வாக்கல்ல. சான்றிதழை இங்கேயே உறுதிப்படுத்திக்கொண்டு போவது பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

இரண்டு, ஃப்ரீ விசா வியாபாரத்தை மிம்பரில் பேசுவது. பிணைக்குக் கூலி வாங்குவது பற்றி உலமாக்களிடம் தெளிவான கிதாப் இருக்கிறது. கபீல் அறபியாக இருந்தாலும், விசாவை வாங்கி விற்கும் தரகர் எங்கட ஊர்க்காரராகவும் இருக்கிறார். அவர் ஜும்ஆவுக்கு வருகிறார்.

மூன்று, பழைய காகிதங்களைக் காப்பது. காலாவதியான இகாமா, தொழில் ஒப்பந்தம், தனாஸுல் கடிதம், குவைத்திலிருந்து திரும்பியபோது கொடுத்த இழப்பீட்டுப் படிவம், கசெட்டில் பேசி அனுப்பிய குரல் என்று எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. காணி உறுதியைப் போல அவையும் ஆவணங்கள். எங்கட பூர்வீகத்தைச் செப்பேட்டிலும் கல்வெட்டிலும் தேடும் அளவுக்கு, இந்த அரை நூற்றாண்டைத் தேட ஆளில்லை. ஒரு வீட்டில் ஒரு இகாமாவை எடுத்துப் பார்த்தால், அதில் எழுதிய தொழிலையும் அந்த மனிதர் செய்த தொழிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், அதுவே ஓர் ஊரின் வரலாற்றுக்கு முதல் பக்கம். எழுதக்கூடியவர்கள் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.