காரைக்கால்: கல்வித் தொழில்நுட்பம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலை நிலப்பக்கம் தமிழ்நாடு சூழ்ந்துள்ளது. பள்ளிப் பாடநூலும் நெடுங்காலம் அங்கிருந்தே வந்தது. அதனால் சென்னையில் எடுத்த முடிவு காரைக்கால் வகுப்பறையையும் மாற்றியது. 2018இல் தமிழ்நாடு வெளியிட்ட புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாகின. கைப்பேசியால் வருடினால் திக்‌ஷா என்னும் அரசின் இணையக் கல்வித் தளத்தில் பாடக் காணொளி திறக்கும். வீட்டில் கைப்பேசி இல்லாத மாணவருக்கு அது வெறும் கறுப்புக் கட்டம்தான். 2020 ஊரடங்கில் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. பின்னர் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடநூலை விட்டு சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. உயர்கல்வியில் குறிப்பிடத்தக்கது, 2010இல் திருச்சி என்ஐடி வளாகத்தில் தொடங்கிப் பின்னர் காரைக்கால் பகுதியின் திருவேட்டக்குடிக்கு வந்த புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம் (என்ஐடி). பெயர் என்னவோ புதுச்சேரி, வளாகம் காரைக்காலில்.