87இல் ஒரு பங்கு கடல்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல். அதை 87 மடங்கு சுருக்கினால் 400 மீட்டர். என் அறையின் நீளம் 3.6 மீட்டர். ரயில் மாடல் கட்டுகிற ஒருத்தனுடைய எல்லாத் தலைவலியும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும்.

ஏன் 87? உலகம் முழுக்க அதிகம் பேர் பயன்படுத்தும் எச்ஓ அளவு அதுதான். இந்த அளவில் ஆறடி மனிதர் 2 சென்டிமீட்டர். 250 அடி நீளத்தில் ஒரு நீராவிக் கப்பல் என்றால் 87 சென்டிமீட்டர். மேஜையில் கால்வாசியை அதுவே பிடித்துக்கொள்ளும். 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள பாம்பன் பாலத்தைச் சரியாகச் செய்தால் கிட்டத்தட்ட 24 மீட்டர். பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தாலும் போதாது.

"கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எதுக்குடா ரயில் பொம்மை?" என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய ரயில் மாடல் கிளப்பில்தான் 'ஹேக்' என்ற சொல் இன்றைய அர்த்தத்தின் பக்கம் நகர்ந்தது. மேஜைக்கு மேலே வண்டி ஓடும். மேஜைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை வைத்து ஒரு கூட்டம் சுற்று பின்னிக்கொண்டிருக்கும். அந்த அடிக்கூட்டம்தான் பிறகு கணினிப் பக்கம் போனது. ஆக, நம் தொழிலின் குலதெய்வக் கோயில்களில் ஒன்று மாடல் ரயில்.

சரி, ஏன் துறைமுகம்? மாடல் ரயிலின் அடிப்படைச் சிக்கல், வண்டி எங்கேயாவது போயாக வேண்டும் என்பது. அறைக்குள் அது எங்கே போகும்? வட்டமாகச் சுற்றும், இல்லாவிட்டால் அட்டைக் குகைக்குள் நுழைந்து மறையும். துறைமுகத்தில் இந்தப் பொய் தேவையில்லை. தண்டவாளம் நிஜமாகவே அங்கே முடிகிறது. பயணிகள், மூட்டை, தபால், கருவாடு என்று எதை வேண்டுமானாலும் ஏற்றி இறக்கக் காரணமும் கிடைக்கிறது. அதனால்தான் சின்ன இடத்தில் மாடல் கட்டுகிறவர்கள் உலகெங்கும் துறைமுகத்தை விரும்புகிறார்கள்.

இந்தக் கலையில் ஒரு முதல் விதி இருக்கிறது. தேதியைத் தேர்ந்தெடு. எந்த வருடம், முடிந்தால் எந்த மாதம். தேதி முடிவானால்தான் இன்ஜின், பெட்டியின் நிறம், விளம்பரப் பலகை, நடைமேடையில் நிற்பவர்கள் கையிலிருக்கும் சாமான் எல்லாம் முடிவாகும். தனுஷ்கோடிக்கு எந்தத் தேதி? இந்தக் கேள்விக்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

தனுஷ்கோடிக்கு முன்னால் தூத்துக்குடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் தென்னிந்திய ரயில்வேயில் தூத்துக்குடி வரை வந்து கப்பல் ஏறுவார். அங்கே கரையோரம் ஆழமில்லை. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். இந்தத் தூத்துக்குடி-கொழும்புத் தடத்தில்தான் 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை இறக்கினார். ஒரு ரயில் பாதையின் முனையில் இருக்கும் கடல் துண்டு எவ்வளவு பெரிய வியாபாரம், எவ்வளவு பெரிய அரசியல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. 1908இல் அவர் சிறையில் இருந்தார்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கதை மாறியது. தண்டவாளம் கடலைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் போய், தனுஷ்கோடி மணல் முனையில் நின்றது. அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் இலங்கை ரயில் காத்திருக்கும். எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து ஏறியவர் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். இதுதான் போட் மெயில். கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னால் இர்வின், கோஷன் வந்தன. வ.உ.சி.யின் கப்பல்கள் ஓடிய கடலில், அவரைப் போன்றவர்களை ஆண்டவர்களின் பெயர்கள் மிதந்தன.

மாடல் கட்டுகிறவனை முதலில் தடுக்கி விழ வைப்பது தண்டவாள அகலம். இந்தப் பக்கம் மீட்டர் கேஜ்: 1000 மி.மீ. அந்தப் பக்கம் இலங்கையின் அகலப்பாதை: 1676 மி.மீ. என் மேஜையில் முதலாவதுக்கு 12 மி.மீ. தண்டவாளம் கடையிலேயே கிடைக்கும். இரண்டாவதுக்கு 19 மி.மீ. சொச்சம், அது எங்கேயும் கிடைக்காது, கையால்தான் அடிக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்று பேர்தான். ரயில் பெட்டியையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கினாலும் அங்கே அது உருளாது. மூட்டையானாலும் மனிதரானாலும் கையால்தான் மாற்றியாக வேண்டும். எனவே துறைமுகத்தில் கூலிகள் வேண்டும். இரண்டு அகலங்கள் சேரும் இடத்தில் எப்போதும் யாரோ சுமக்கிறார்கள். மென்பொருளில் இருக்கிறவர்களுக்கு இது புரியும்: இரண்டு சிஸ்டம் ஒத்துப்போகாத இடத்தில் உட்கார்ந்து கையால் எக்செல் நிரப்பிக்கொண்டிருக்கும் ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

அடுத்தது தண்ணீர். ஹாம்பர்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் சுமார் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அதில் கப்பல்கள் மிதக்கின்றன. பார்க்க அற்புதம். ஆனால் தண்ணீரைச் சுருக்க முடியாது. நீளம் 87 மடங்கு குறையும்போது அலையின் காலம் 87இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 9.3 மடங்குதான் குறைகிறது. குட்டி அலை பெரிய அலையைப் போல நிதானமாக எழுந்து விழாது, படபடவென்று துடிக்கும். சினிமாவில் மாடல் கப்பலை வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டுவது இதனால்தான். வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ரெசினை ஊற்றி, காய்ந்தபின் மேலே பளபளப்புப் பசையால் அலை இழுப்பார்கள். அசையாத கடல். ஒரு தேதியில் உறைந்துபோன கடல்.

தனுஷ்கோடியில் அதிலும் இரண்டு கடல் செய்ய வேண்டும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை அங்குள்ளவர்கள் பெண்கடல் என்பார்கள், அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், ஆர்ப்பரிப்பது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்த இலக்கணம் தலைகீழாகும். ஆக, தேதி தெரியாமல் அலையைக்கூட இழுக்க முடியாது.

*

தேதிக்குத் திரும்புவோம். தனுஷ்கோடி என்றதும் எல்லோருக்கும் தெரிந்த தேதி 1964 டிசம்பர் 22. அன்று நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் பாம்பனிலிருந்து போன 653 பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போனது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் பிய்த்துக்கொண்டு போயின. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் ஷெர்சர் தூக்குப்பகுதி மட்டும் நின்றது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். பொறியியல் மாணவர்களுக்கு இதைச் சொல்லாத ஆசிரியர் குறைவு. பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாதை ராமேஸ்வரத்தோடு நின்றது.

இன்று அங்கே சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கிறார்கள். இடிபாட்டை மாடலாகச் செய்வதும் சுலபம். தெர்மோகோலைக் கிள்ளிப் போட்டால் சுவர். எனக்கு அதில் மனசு போகவில்லை. இடிபாடு புயலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த ஊர் 50 வருஷம் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்வதில்லை.

என்ன வேலை? மனிதர்களைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பும் வேலை.

போட் மெயிலில் துரைகளும் வியாபாரிகளும் போனார்கள், உண்மை. அவர்களைவிட மிக அதிகமாகப் போனவர்கள் கங்காணிகள் கூட்டிச்சென்ற தொழிலாளர்கள். அதற்கு முந்தைய தலைமுறை மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தது. ரயில் அந்த நடையை இல்லாமல் ஆக்கியது. பதிலுக்கு மண்டபத்தில் ஒரு முகாம் வந்தது. தொற்றுநோய் தங்கள் தீவுக்கு வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசு, இந்திய மண்ணில், ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே நடத்திய முகாம். தொழிலாளர்களை அங்கே சில நாட்கள் அடைத்துவைத்துப் பரிசோதித்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைச் சொல்லும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதுதான் அவர்களுடைய டிக்கெட். கழுத்தில் தொங்கும்.

அந்த வில்லை ஒரு ரூபாய் நாணயம் அளவு என்று வைத்துக்கொண்டால் 87இல் ஒரு பங்கு 0.3 மி.மீ.கூட வராது. தூசி. ஆனால் அதை விட்டுவிட்டால் அந்தப் பொம்மை வெறும் பயணி.

பொம்மைகளே பெரிய பிரச்சினை. எச்ஓ அளவில் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஜெர்மன்காரர்கள் செய்தவை. தொப்பி வைத்த ஆண், பெட்டி வைத்த பெண், விடுமுறைக்குப் போகும் குடும்பம். பெட்டியைச் சீவி மூட்டையாக்கலாம், கவுனுக்கு மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிச் சேலையாக்கலாம். நிற்கிற தோரணையை மட்டும் மாற்ற முடிவதில்லை. முதுகை நிமிர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். தரையில் உட்கார்ந்து காத்திருப்பவர்களை நானேதான் களிமண்ணில் பிடித்தேன்.

மாடல்காரர்கள் 'தேர்ந்து சுருக்குதல்' என்று ஒன்றைப் பேசுவார்கள். 145 கண் பாலத்தில் ஒன்பது கண் போதும், பார்க்கிறவர் மீதியை மனசில் போட்டுக்கொள்வார். வரலாறு எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பாலத்தில் எதை விட்டாலும் பாலம் கோபித்துக்கொள்ளாது. மனிதர்களில் யாரை விடுவது என்பது அப்படியில்லை. போட் மெயில் பற்றிய இனிய நினைவுகளில் கப்பல் இருக்கும், கடற்காற்று இருக்கும். மண்டபம் முகாம் அநேகமாக இருக்காது.

*

நான் எடுத்த தேதியைச் சொல்கிறேன்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

5,25,000 என்ற எண் எவ்வளவு பெரியது? என் பொம்மைகளை ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு வரிசையாக நிறுத்தினால் ஐந்தேகால் கிலோமீட்டர் வரும். மாடல் கிலோமீட்டர் அல்ல, நிஜக் கிலோமீட்டர். நிஜப் பாம்பன் பாலத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம், விரலளவு மனிதர்களாலேயே.

அக்டோபர் 30க்கும் டிசம்பர் 22க்கும் நடுவே 53 நாட்கள். என் மேஜையில் இருப்பது அந்த 53இல் ஒரு நாள். நவம்பர். வாடைக்காற்று, அதனால் பெண்கடலில் அலை. துறையில் கப்பல், ஒட்டி நீராவி இன்ஜின். டெல்லியில் எழுதிய காகிதம் தங்களை என்ன செய்யப்போகிறது என்று கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தெரியாது. தான் நிற்கும் இடம் இன்னும் சில வாரம்தான் என்று துறைக்குத் தெரியாது. இந்த இரண்டு அறியாமையும் ஒரே சட்டகத்துக்குள் வருவது இந்த 53 நாளில் மட்டும்தான்.

அதன்பின் நடந்ததை மேஜையில் காட்ட முடியாது. ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கவில்லை, தனுஷ்கோடி இல்லை. தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்தார்கள். தாத்தாவை அனுப்பிய மண்டபம் முகாம் பேரனை வரவேற்றது. 1984இல் கப்பலும் நின்றது. பிறகு போரிலிருந்து தப்பிப் படகில் வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான் முகாம்.

இன்னொன்று. 2007இல் ராமேஸ்வரம் பாதையை அகலப்படுத்தினார்கள்: 1676 மி.மீ. போரில் அழிந்த தலைமன்னார் பாதை 2015இல் மறுபடி திறந்தது: 1676 மி.மீ. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலமும் வந்துவிட்டது. கப்பல் ஓடியபோது ஒத்துப்போகாத அகலம் இப்போது மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இன்று கப்பல் இல்லை.

என் மேஜையில் 12 மி.மீ. தண்டவாளம் ரெசினைத் தொடும் இடத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள், நாலு பேர் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு கிழவியின் கழுத்தில் ஊசி முனையால் தொட்டு வைத்த வெள்ளிப் புள்ளி ஒன்று உண்டு. அவர் சின்னப் பெண்ணாகக் கப்பலேறிய நாளில் வாங்கியது. 1964இல் யாரும் அதை மாட்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டார்கள், காலப்பிழை என்று மாடல்காரர்கள் சொல்லலாம். அவருடைய பெயரில் இருந்த ஒரே அரசாங்க அடையாளம் அதுதான் என்றால், அதைத் தூக்கி எறிந்திருப்பாரா?