ஃபாக் லைட்டும் தந்திக்காரர் காந்தமும்

மார்கழி விடியலில் திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், சில நாள் பனிமூட்டத்தில் முன்னால் போகும் வண்டியே தெரியாது. எங்கள் தெரு வேன் ஒன்றில் அதற்காக ஃபாக் லைட் மாட்டினார்கள். மூன்றாம் நாளே சுவிட்ச் உருகிவிட்டது!

சின்னக் கணக்குதான். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். டேஷ்போர்டு சுவிட்ச் அதை எப்படித் தாங்கும்?

இதற்கான மருந்து கார் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் கண்ட உத்தி அது: சிறு மின்சாரம் ஒரு காந்தத்தை இயக்கும், அந்தக் காந்தம் வேறொரு பெரிய சர்க்யூட்டை மூடும். கம்பி நீள நீள மின்சாரம் பலவீனமாகும் அல்லவா? மோர்ஸின் தந்தி நெடுந்தூரம் போனது இதை வைத்துத்தான். பெயர் ரிலே.

இன்றைய கார் ரிலேயின் கால்களில் உள்ள எண்கள் ஜெர்மன் தரமான டின் 72552-இலிருந்து வந்தவை. 85, 86 காந்தச் சுருளுக்கு. 30 பேட்டரிக்கு. 87 விளக்குக்கு. சுவிட்ச் வழியே சுருளின் சிறு மின்சாரம் மட்டும்தான் போகும்.

அந்த வேனில் ரிலேயே இல்லை. ஃபியூஸ் இருந்தது, ஆனால் பேட்டரி பக்கம் இல்லாமல் விளக்கு பக்கம்! நடுவில் அந்த ஒயர் எங்காவது பாடியில் உரசியிருந்தால், உருகியிருப்பது சுவிட்ச் மட்டுமல்ல.