பகாணியும் கணனியும்: கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்கத் தகவல்களைக் கணனியில் ஏற்றிவிட்டால் மக்கள் பயனடைவர் என்பது இன்று பெரும்பாலும் ஐயத்திற்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்படும் கருத்தாகும். ஆயின் கர்நாடக மாநிலத்துக் காணிப் பதிவேடுகளின் வரலாறு இக்கருத்தை மீள்பரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. அங்கு ஒரே வகை ஏடுகள் இருமுறை கணனிமயமாக்கலுக்கு உட்படுத்தப்பட்டன. முதன்முயற்சியால் உழவர் எய்திய பயன் யாதுமில்லை. இரண்டாம் முயற்சியான ‘பூமி’ திட்டமோ உலகின் பல நாடுகளிலும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. இரண்டிலும் பயன்பட்டது கணனியே என்பதால், வேறுபாட்டின் காரணத்தைக் கணனிக்குப் புறத்தே தேடவேண்டியவராகின்றோம்.

கன்னட உழவர் ‘பகாணி’ என வழங்கும் பத்திரம் காணியின் உரிமையாளர், பரப்பு, மண்வகை, பயிர், குத்தகை, கடன் ஆகிய விபரங்களை ஒருங்கே கொண்டது. வங்கியிற் பயிர்க்கடன் பெறுவதற்கும், நீதிமன்றிற் பிணை நிற்பதற்கும் அதன் பிரதி வேண்டப்பட்டது. மைசூர்ப் பகுதியில் இவ்வேடுகளைப் பரம்பரை உரிமையாகப் பேணிவந்தவர் சானுபோகர் எனப்பட்ட கிராமக் கணக்கராவர். 1961ஆம் ஆண்டின் கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் இப்பரம்பரை உரிமையை நீக்கியது. சம்பளம் பெறும் அரசாங்க உத்தியோகத்தர் அவ்விடத்திற்கு வந்தனர். எனினும் ஏடு தனியொருவரின் கையில் இருக்கும் நிலை மாறவில்லை. ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர், ஒவ்வொருவரும் மூன்று நான்கு கிராமங்களின் ஏடுகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தனர்.

இந்நிலையின் விளைவுகளை ஊகித்தல் கடினமன்று. கணக்கர் ஊரிலில்லாத நாளில் உழவனுக்குப் பத்திரம் இல்லை. அவர் ஊரில் இருக்கும் நாளிலும் கைப்பொருளின்றிக் கருமம் நிறைவேறுவது அரிதாயிற்று. தந்தை இறந்தபின் காணியை மைந்தர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஏட்டிலே சிறிது திருத்தம் செய்தாலும் அதனைக் கண்டறிய வல்லார் எவருமிலர். எழுத்தறிவு அதிகாரமாக மாறிய நிலைமை இதுவெனலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இன்று கலபுரகி எனப்படும் குல்பர்கா மாவட்டத்தில் முதன்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1996 அளவில் மாநிலத்தின் ஏனைய மாவட்டங்களுக்கும் அதற்கான அங்கீகாரம் கிடைத்தது. ஆயின் காணியுரிமை மாற்றங்கள் பதிவுசெய்யப்பட்ட இடமாகிய தாலுகா அலுவலகத்திற் கணனி வைப்பதற்கு அத்திட்டத்தில் ஏற்பாடு இருக்கவில்லை. கையெழுத்து ஏடே சட்டப்படி செல்லுபடியாகும் பத்திரமாகவும் தொடர்ந்திருந்தது. இந்நிலையில் கணனியில் ஏறிய விபரம் நாளடைவிற் பழையதாகி, எவருக்கும் பயன்படாது போதல் இயல்பே.

தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கப்பட்ட ‘பூமி’ திட்டம் இப்பிழையிலிருந்து பாடங்கற்றது. 67 இலட்சம் உழவர்க்குரிய ஏறத்தாழ இரண்டு கோடிப் பதிவுகள் கணனியில் ஏற்றப்பட்டு, அக்காலத்து 177 தாலுகாக்களிலும் நிலையங்கள் நிறுவப்பட்டன. இத்திட்டத்தின் ஏற்பாடுகளுள் நான்கு சிறப்பாக அவதானிக்கத்தக்கன. முதலாவது, திட்டம் நடைமுறைக்கு வந்த தாலுகாக்களில் கையெழுத்துப் பகாணி செல்லாது என அறிவிக்கப்பட்டது. பழைய வாயில் அடைபட்டமையால், புதிய வாயிலைப் பேணிக்காப்பது நிருவாகத்திற்குக் கட்டாயமாயிற்று. இரண்டாவது, பெயர்மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே கவனிக்கப்படல் வேண்டுமெனக் கணனியில் விதிக்கப்பட்டது. வேண்டியவரை முன்னுக்குத் தள்ளும் வழி இதனாற் குறுகியது. மூன்றாவது, உத்தியோகத்தர் தம் விரலடையாளம் பதித்தே கணனியைத் திறக்க முடிந்தது. எவர், எதனை, எப்பொழுது மாற்றினார் என்பது பதிவாயிற்று. நான்காவது, உழவனை நோக்கி இரண்டாவது திரையொன்று வைக்கப்பட்டது. தன் காணிபற்றி உத்தியோகத்தர் காண்பதனைத் தானும் அதேவேளையிற் காணும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது.

அக்காலத்திற் பிரதியொன்றிற்குக் கட்டணம் 15 ரூபாவாக இருந்தது. முன்னைய சட்டபூர்வமான கட்டணத்தினும் இது கூடியதே. ஆயினும் உழவனின் உண்மையான செலவு குறைந்தது. பெங்களூரைச் சேர்ந்த பொது விவகார மையம் 2002இல் நடத்திய ஆய்வில், பழைய முறையைப் பயன்படுத்தியோருள் நூற்றுக்கு 66 பேர் இலஞ்சம் கொடுத்ததாகக் கூறினர். கணனி நிலையங்களைப் பயன்படுத்தியோருள் அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு மூவரே. பத்திரம் பெறும் ஒரு கருமத்தைப் பொறுத்தவரை இத்திட்டத்தின் வெற்றி மறுக்கற்பாலதன்று.

எனினும் வரலாற்று மாணவன் இவ்விடத்தில் நின்றுவிடுதல் தகாது. பத்திரத்தின் பிரதியை வழங்குவது கணனிக்கு இயலும். உரிமை மாற்றத்தை அங்கீகரிப்பதோ தொடர்ந்தும் வருவாய் உத்தியோகத்தரின் தீர்மானமாகவே இருந்தது. 2007இல் சொலமன் பெஞ்சமினும் அவர்தம் சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேற்சென்றது. காணித் தகவல் ஓரிடத்திற் குவிந்தமை, பெங்களூரைச் சூழவுள்ள நிலங்களைத் திரட்ட விழைந்த பெருமுதலாளர்க்கு வாய்ப்பாயிற்று என்றும், ஊர்மட்டத்திற் பேசித் தீர்க்கும் வழிகளைச் சிறு உழவர் இழந்தனர் என்றும், இலஞ்சம் ஒழியவில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். முன்னைய ஆய்வுக்கு இது நேர்முரணாகத் தோன்றலாம். ஆயின் முன்னையது நிலையத்தின் சாளரத்தடியில் நின்று பிரதி பெற்றவனை நோக்கியது. பின்னையது காணி கைமாறும் நெடுவழி முழுவதையும் நோக்கியது. இருவேறு இடங்களில் நின்று நோக்கியமையே இரு முடிபுகளும் வேறுபட்டமைக்குப் பெருங்காரணம் எனலாம். பதிவேட்டில் என்றுமே பெயர் ஏறாத குத்தகையாளனும் பெண்ணும் இரு திரைகளிலும் காணப்படாதவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏட்டில் இல்லாதவனைக் கணனி கண்டறிந்து தருவதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. அரசாங்கத் தகவல் முறையொன்று குடிமக்களைப் பொறுத்தவரை வெற்றிபெறுவது, தகவலைத் தனியுடைமையாக வைத்திருந்தவரின் அதிகாரம் சட்டத்தாலும் நடைமுறையாலும் குறைக்கப்படும் பொழுதேயாகும். குல்பர்காவில் அது நிகழவில்லை. ‘பூமி’யில் ஓரளவு நிகழ்ந்தது. அது எவ்வெல்லைவரை நிகழ்ந்ததோ, அவ்வெல்லை வரையே உழவன் பயனடைந்தான். எனவே, இத்தகைய திட்டங்களை மதிப்பிட முனைவோர், வழங்கப்பட்ட பிரதிகளின் தொகையை எண்ணுவதோடு அமையாது, எந்தக் குடிமகனுக்கு எவ்வதிகாரம் கைமாறியது என்பதையும் வினவுதல் வேண்டும். சானுபோகரின் பேரேடு முதல் தாலுகா நிலையத்தின் இரண்டாவது திரை வரையான வரலாறு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.